சர்வீஸ்கார்டு பேக்கேஜ்
எச்பி நிறுவனம் உருவாக்கிய சர்வீஸ்கார்டு, பல சர்வர்களை ஒரே கிளஸ்டராக இணைத்து, ஒன்று செயலிழந்தால் அதன் பணியை இன்னொன்றில் தொடரச் செய்யும் மென்பொருள். ஒரு செயலியும், அதற்குரிய வட்டுத்தொகுதிகள், கோப்பு முறைமைகள், கூடவே இடம்மாறும் ஐபி முகவரி ஆகியவையும் சேர்ந்ததே 'பேக்கேஜ்'. இதன் அமைவுக் கோப்பை 'சிஎம்செக்கான்ஃப்' கட்டளையால் சரிபார்த்து, 'சிஎம்அப்ளைகான்ஃப்' கட்டளையால் எல்லா சர்வர்களுக்கும் அனுப்புவர்.

பழுதான சர்வர் மீண்டதும் பேக்கேஜ் தானாகவே அங்கு திரும்ப வேண்டுமா? பேக்கேஜ் முதலில் ஓடிய முதன்மை சர்வரே திறன் மிக்கது, எனவே திரும்புவதே நல்லது என்பர். ஆனால் ஒவ்வொரு இடமாற்றத்திலும் செயலி நின்று மறுபடி தொடங்குகிறது. பயனர்களின் இணைப்பு அறுபடுகிறது. பழுதின் காரணம் தீரவில்லையென்றால் பேக்கேஜ் அங்குமிங்கும் அலையும். ஆகவே இந்தத் திரும்புதலைத் தீர்மானிக்கும் 'ஃபெயில்பேக்' விதி இயல்பாகவே 'மேனுவல்' (தானாகத் திரும்பாது) என்று இருப்பது சரியே. திறன் வேறுபாடு முக்கியமானால், வேலை குறைந்த நேரத்தில் நிர்வாகியே பேக்கேஜைத் திருப்பி நகர்த்தலாம்.