பத்துக்கு ஆறு என்றால் என்ன?



என் வயதுக்காரர்கள் சிலர் புராஸ்டேட் திசுப் பரிசோதனை (பயாப்ஸி) அறிக்கையைக் காட்டி, "சார், கிளீசன் ஸ்கோர் 6னு போட்டிருக்கு. பத்துக்கு ஆறுன்னா பாதிக்கு மேல முத்திடுச்சா?" என்று கேட்கிறார்கள். நான் மருத்துவன் அல்லன்; பட்டயப் படிப்பு படித்த பள்ளி ஆசிரியர். ஆனால் காலமெல்லாம் மதிப்பெண் போட்டவன் என்பதால், இந்த மதிப்பெண்ணின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

டொனால்ட் கிளீசன் என்பவர் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனையில் நோய்க்குறியியல் மருத்துவர். 1960களின் தொடக்கத்தில் புராஸ்டேட் புற்றுநோயைத் தரம் பிரிக்க எல்லோரும் ஏற்ற ஒரே அளவுகோல் இல்லை. அதை உருவாக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது.

அவர் தனித்தனி செல்களைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. நுண்ணோக்கியைக் குறைந்த உருப்பெருக்கத்தில் வைத்து, சுரப்பிகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்த்தார். வளையம் வளையமாக ஒழுங்காக இருப்பது 1. வடிவமே குலைந்து சிதறிக் கிடப்பது 5. இப்படி ஐந்து வகைகளைப் படமாகவும் வரைந்தார். 270 நோயாளிகளிடம் கண்ட முடிவுகள் 1966இல் வெளிவந்தன. பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் ஒப்பிட்டார்கள். வகை எண் கூடக்கூட இறப்பும் கூடியது.

பலரின் திசுவில் இரண்டு வகைகள் கலந்திருந்தன. அவர்களின் இறப்பு விகிதம் அந்த இரண்டுக்கும் இடையில் இருந்தது. அதனால் அதிகமாகக் காணப்படும் வகையை முதலிலும் அடுத்ததைப் பின்னும் எழுதிக் கூட்டினார்கள். ஒரே வகைதான் என்றால் அதையே இருமுறை கூட்டுவது வழக்கம். 2 முதல் 10 வரை மதிப்பெண் வந்த வழி இதுதான்.

இன்று ஊசி வழியாகச் சுமார் 12 இடங்களில், தடித்த நூல் அளவே திசு எடுக்கிறார்கள். அதில் சந்தேகத்துக்குரிய சுரப்பிகள் சில நேரம் நாலைந்துதான் இருக்கும். நல்ல சுரப்பியைச் சுற்றி அடிச்செல் வரிசை ஒன்று உண்டு. புற்றுநோயில் அது இருக்காது. சிறப்புச் சாயங்கள் ஏற்றி அந்த வரிசை இருக்கிறதா என்று பார்க்க முடிகிறது. அப்படிப் பார்த்ததில், முன்பு 1 என்று எழுதப்பட்டவற்றில் பல புற்றுநோயே அல்ல என்று தெரிந்தது. ஊசித் திசுவில் இப்போது 1, 2 என்று போடுவதில்லை. ஆகவே 3+3=6 தான் மிகக் குறைந்த மதிப்பெண்!

வரிசையும் முக்கியம். 3+4, 4+3 இரண்டும் 7 தான். ஆனால் இரண்டாவது மோசமானது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 2014இல் சிகாகோவில் கூடிய நிபுணர்கள் ஐந்து தரக் குழுக்களை ஏற்றார்கள்: 6 என்றால் குழு 1, 3+4 குழு 2, 4+3 குழு 3, 8 குழு 4, 9, 10 குழு 5.

அறிக்கை வந்தால் கூட்டுத்தொகையை மட்டும் பார்க்காதீர்கள். எந்த எண் முன்னால் இருக்கிறது, எந்தக் குழு என்று கேளுங்கள். 6 என்றால் பலருக்கு அறுவை சிகிச்சை உடனே தேவைப்படாது. தொடர்ந்து கண்காணித்தாலே போதுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். 8, 9 என்றால் நாளைக்கு, அடுத்த மாதத்துக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். ஐயம் இருந்தால் அந்தக் கண்ணாடிச் சில்லுகளை வாங்கி இன்னொரு நிபுணரிடம் காட்டலாம். விடைத்தாளுக்கு மறுமதிப்பீடு கேட்பதில்லையா, அதுபோலத்தான்.

வீட்டில் அப்பா, மாமா, சித்தப்பா இருப்பவர்கள் அவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். கூச்சப்பட்டு மறைக்க வேண்டிய நோய் அல்ல இது.

எல்லோரும் நலமாக இருங்கள்.