இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா

1896 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை நண்பகல். மதுரை ரயில் நிலையத்துக்கு நேரம் கடந்து ஓடிவந்தான் பதினாறு வயதுப் பையன் ஒருவன். நல்லவேளை, அன்று வண்டியும் தாமதம். திண்டிவனத்துக்கு டிக்கெட் இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. அண்ணனின் காலேஜ் சம்பளத்துக்காகக் கொடுத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை ஒரு சீட்டோடு வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தான். பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்த வேங்கடராமன் அவன்.

போக வேண்டிய ஊர் திருவண்ணாமலை. அப்படியிருக்கத் திண்டிவனம் ஏன்? அவன் புரட்டிப் பார்த்த பழைய அட்லாஸில் பக்கத்து ஸ்டேஷன் அதுதான். விழுப்புரத்தில் பிரிந்து திருவண்ணாமலை, போளூர், வேலூர் வழியாகக் காட்பாடிக்குப் போகும் மீட்டர்கேஜ் பாதை 1890களின் தொடக்கத்தில்தான் திறக்கப்பட்டது; அட்லாஸுக்கு அந்தச் சேதி எட்டவில்லை. "திருவண்ணாமலையிலேயே ஸ்டேஷன் இருக்கிறது, விழுப்புரத்தில் மாறு" என்று வழி சொன்னவர் அதே பெட்டியில் வந்த ஒரு மௌல்வி.

அன்றைய வண்டி விருத்தாசலம் வழியாகப் போகவில்லை. அந்தக் குறுக்குப் பாதை 1920களின் கடைசியில்தான் முழுமையானது. திருச்சியிலிருந்து தஞ்சாவூர், மாயவரம், கடலூர் என்று சுற்றித்தான் விழுப்புரம். விடிகாலை மூன்று மணிக்கு இறங்கினான் பையன்.

டிக்கெட் போகக் கையில் இருந்த மூன்று அணாவில் அரையணா வழியில் பழம் வாங்கியதில் போயிருந்தது. சாப்பிட்டதற்குக் காசு நீட்டியபோது, இருப்பதே இரண்டரை அணாதான் என்று தெரிந்து ஓட்டல்காரர் வாங்க மறுத்துவிட்டார். அந்த இரண்டரை அணாவுக்கு ரயில் மாம்பழப்பட்டு வரைதான் கொண்டுபோய் விட்டது. அங்கிருந்து அறையணிநல்லூருக்கு நடை. அடுத்த நாள் கோகுலாஷ்டமி. கீழூரில் முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் சாப்பாடு கிடைத்தது; சுமார் இருபது ரூபாய் பெறும் கடுக்கனை அவரிடம் அடகு வைத்து நான்கு ரூபாய் வாங்கிக்கொண்டான். செப்டம்பர் 1 காலை திருவண்ணாமலையில் இறங்கினான்.

அவனை இறக்கிவிட்ட மீட்டர்கேஜ் பாதை நூறு ஆண்டுக்கு மேல் திருவண்ணாமலைக் கார்த்திகை தீபக் கூட்டத்தைச் சுமந்தது. தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர்தான் அகலம். காட்பாடியில் சென்னை–ஜோலார்பேட்டை பாதையோ 1.676 மீட்டர் அகலம். எனவே அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் மூட்டை முடிச்சோடு இறங்கி வேறு வண்டி ஏற வேண்டியிருந்தது. விழுப்புரம் பக்கம் அந்தத் தொல்லை இருக்கவில்லை, சென்னை எழும்பூர் பாதையும் மீட்டர்கேஜாக இருந்தவரை. அது அகலப்பாதையானதும் இந்தக் கிளை இரு முனையிலும் ஒட்டாமல் நின்றது. பிறகு சில ஆண்டுகள் ரயிலே இல்லை. ஊர் பஸ்ஸை நம்பியிருந்தது. விழுப்புரம்–காட்பாடி பாதை அகலமாகி வண்டிகள் திரும்ப ஓடியது 2010 வாக்கில்.

சென்னையிலிருந்து நேர் வண்டிக்காக மேலும் காத்திருக்க வேண்டியிருந்தது. கடற்கரை நிலையத்திலிருந்து வேலூர் கண்டோன்மெண்ட் வரை ஓடிக்கொண்டிருந்த பாசஞ்சர் 2024 மே மாதம் திருவண்ணாமலைக்கு நீட்டிக்கப்பட்டது. அப்போது கட்டணம் 50 ரூபாய். மாலை ஆறு மணிக்குப் புறப்பட்டு நள்ளிரவில் வந்து சேரும். திரும்பும் வண்டி அதிகாலை நான்கு மணிக்கு. இடையில் கிடைப்பது நான்கு மணி நேரம். மலையைச் சுற்றி வரும் கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டர். எட்டி வைத்து நடக்கிறவர்களுக்கு அதே வண்டி கிடைத்துவிடும். மற்றவர்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறார்கள்.