சோதனையும் இச்சையும்: கிறித்தவர் நூல்வழி ஓர் ஆராய்ச்சி

கிறித்து சமயத்தார் நாடோறும் ஓதும் வேண்டுதல், இயேசு பெருமான் தம் மாணாக்கர்க்குக் கற்பித்ததாக மத்தேயு, லூக்கா என்னும் இருவர் நூலினும் காணப்படுவது. அதன்கண் உணவும் மன்னிப்பும் வேண்டியபின் சோதனையைப் பற்றிய வேண்டுகோள் ஒன்று உளது. இது தமிழில் இருவேறு வகையாக வழங்கிவருதலைப் பலர் கருதுவதில்லை. வடுகபட்டியினின்று தெற்கே கம்பம் பள்ளத்தாக்கினுட் செல்வார் அனுமந்தன்பட்டியிலும் இராயப்பன்பட்டியிலும் கத்தோலிக்கர் கோயில்களைக் காண்பர். அவர்தம் பழைய செபத்தில், சோதனையில் ‘விழவிடாதிருக்க’ வேண்டுவது வழக்கு. 1834-இல் மதுரையில் தொடங்கப்பெற்ற அமெரிக்க மிஷன் பெரியகுளத்தையும் ஒரு நிலையமாகக் கொண்டிருந்தது. அதன் வழிவந்து 1947 முதல் தென்னிந்தியத் திருச்சபையினராயினோர், 1871-இல் வெளிவந்த விவிலிய மொழிபெயர்ப்பைப் பின்பற்றிச் சோதனைக்கு ‘உட்படப் பண்ணாதிருக்க’ வேண்டுவர். முன்னதில் சோதனை வருதல் இயல்பு, வீழ்தலே அஞ்சத்தக்கது. பின்னதிலோ சோதனையே வாராமை வேண்டப்படுகின்றது. அன்றியும், அதனுள் உயிரைப் புகுத்துபவன் இறைவனே என்னும் பொருளும் தோன்றுகின்றது.

இத்தோற்றம் பற்றி எழுந்த வாதங்கள் பல. தன் மக்களைத் தீநெறியில் தூண்டுபவனும் ஒரு கடவுளோ என்று நம்மவருட் சிலர் வினவினர். மகவையரிந்து கறி சமைக்கக் கேட்டவனும், அடியாருடைய மனைவியை வேண்டி நின்றவனும் கடவுளோ என்று அவர்கள் மறுத்து வினவினர். சிறுத்தொண்டர், இயற்பகையார் வரலாறுகளை உட்கொண்டு கூறியது இது. கேட்டோர் கைதட்டினர், இரு திறத்தாரும் வென்றதாக வீடு சென்றனர். யாம் கருதுமாறு, இவ்விரு வாதமும் ஒரே சொல்லின் இருபொருண்மையை நிலமாகக் கொண்டு எடுத்த மனைகளேயாம்.

சோதனை என்பது வடமொழியிற் சோதனம் என்பதன் திரிபு; தூய்மை செய்தல், ஆராய்தல் என்பன அதன் பொருள். பொன்னைத் தீயிலிட்டு மாற்றறிதல் சோதனை. இறைவன் பயிரவ வேடங்கொண்டு திருச்செங்காட்டங்குடிக்கு எழுந்தருளியது, சிறுத்தொண்டரைப் பாவத்தில் வீழ்த்தவன்று. அவரன்பின் திறத்தை உலகறியச் செய்தற்பொருட்டேயாம். இனி, கிறித்தவர்தம் புதிய ஏற்பாடு முதற்கண் எழுதப்பெற்ற மொழி கிரேக்கம். அதன்கண் இவ்விடத்து நிற்குஞ் சொல் ‘பெய்ராஸ்மோஸ்’ என்பது. அது மாற்றறியும் சோதனையையும் குறிக்கும். நயங்காட்டித் தீமைக்கிழுக்கும் மயக்கையும் குறிக்கும். ஆங்கிலர் இவ்விரண்டிற்கும் வேறு வேறு சொற்கள் உடையர். தமிழில் மொழிபெயர்த்தோர் இரண்டிற்கும் சோதனை என ஒன்றையே வழங்கினர். ஆதலின் ஆபிரகாமைக் கடவுள் சோதித்தார் என்புழியும், பாலைநிலத்தில் 40 நாள் உண்ணாதிருந்த இயேசுவைச் சாத்தான் சோதித்தான் என்புழியும் தமிழர் காதில் ஒரே சொல் ஒலிக்கின்றது. மகனைப் பலியிடக் கேட்டு இறுதியில் தடுத்த செயலும், கல்லை அப்பமாக்கென்று பசித்தவனைத் தூண்டிய செயலும் ஒன்றாமோ?

கிறித்தவர் நூலே இவ்வையத்தை அகற்ற முயன்றுள்ளது. யாக்கோபு எழுதிய திருமுகத்தின் முதலதிகாரத்தில், கடவுள் ஒருவரையும் தீமைக்கு இழுப்பவரல்லர் என்றும், ஒவ்வொருவனும் தன் இச்சையாலேயே இழுக்கப்படுகின்றான் என்றும், இச்சை கருவுற்றுப் பாவத்தையும் பாவம் முதிர்ந்து சாவையும் ஈனும் என்றும் கூறப்படுகின்றது. யோபு என்னும் செல்வன் கதையோ இடைநிலையில் நிற்கின்றது. அங்குச் சோதிப்பவன் சாத்தான், விடைகொடுப்பவர் கடவுள். இந்திரன் அவையில் வசிட்டரும் விசுவாமித்திரரும் மாறுகொள்ள, அதுபற்றி அரிச்சந்திரன் நாடும் மனைவியும் மகவும் இழந்த வரலாற்றை அறிந்த நமக்கு இது விளங்காததன்று. சோதித்தாரைக் குறை கூறுதல் எளிது. ஆயினும் அரிச்சந்திரன் வாய்மையை நாம் அறிந்தது சோதித்தவராலன்றோ?

அண்மையிலும் இவ்வேண்டுகோள் கிறித்தவருலகில் ஆராயப்பட்டது. 2017 இறுதியில் பிரெஞ்சு மொழியினர் தம் வழிபாட்டில் இவ்வடியை மாற்றிச் சோதனையினுள் எம்மைப் புகவிடாதே என்னும் பொருள்பட அமைத்தனர். அத் திசம்பரில் அந்நாளைப் போப்பாண்டவராகிய பிரான்சிசு, தள்ளி வீழ்த்துவது தந்தையின் செயலன்று என்னும் கருத்தைத் தொலைக்காட்சி உரையாடலொன்றில் வெளியிட்டார். 2020-இல் இத்தாலியர் வழிபாட்டு நூலும் அவ்வாறே திருத்தம் பெற்றது. நம் நாட்டுக் கத்தோலிக்கப் பாட்டிமார் செபமாலையை உருட்டிக்கொண்டு நெடுநாளாகச் சொல்லிவந்த பொருளும் இதனோடு பெரிதும் ஒத்ததே என்பதை யாரேனும் உரோமாபுரிக்கு எழுதினரோ!

இனி இச்சை என்னும் சொல்லைக் காண்போம். இதுவும் இடர்ப்படுத்துவதே. சைவ நூல்களில் இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்றும் இறைவன் சத்தியின் வேறுபாடுகள். உயிர்க்கும் இம்மூன்றும் உள. ஆதலின் இச்சை தன்னளவில் இழிந்ததன்று. எதனை நோக்கிச் செல்கின்றது என்பதே வினா. இச்சையாற் பாவம் பிறக்கும் என்னும் கூற்று நம்மவர் செவிக்குப் பொருந்தாமல் ஒலிப்பது இதனாலேயாம். அவா என்றிருப்பின் தடையேயில்லை. பிறப்பிற்கு வித்து அவாவே என்பது வள்ளுவர்க்கும் உடன்பாடு.

அவாவின் வகைகளை நுணுகி ஆராய்ந்தவர், கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் எகிப்துப் பாலையில் தவமிருந்த துறவிகள். அவருள் எவாகிரியுஸ் என்பார் தீய நினைவுகளை எட்டாக வகுத்தார். பெருந்தீனி, காமம், பொருளாசை, துயரம், சினம், மடி, வீண்புகழ், செருக்கு என்பன அவை. பின்னர்ப் போப்பாண்டவர் கிரெகோரியார் இவற்றை மாற்றியமைத்து ஏழாக்கினார். அவ்வேழின் வழிவந்தனவே இன்று தலையான பாவங்கள் எனப்படுவன. எவாகிரியுஸ் மடியைப் பற்றி எழுதியது மிகச் சுவையுடைத்து. அவர் அதனை நண்பகற்பேய் என்பர். அது பற்றிய துறவிக்கு ஞாயிறு நகராதது போலவும், பகல் ஐம்பது மணி நேரம் கொண்டது போலவும் தோன்றும். அவன் பலகணி வழியே அடிக்கடி நோக்குவான். யாரேனும் வருகின்றனரோ என்று பார்ப்பான். இவ்விடமே தனக்குப் பொருந்தாது, வேறிடஞ் சென்றாற் சிறக்கலாம் என எண்ணுவான். மடத்திற் பகலுணவின்பின் தருக்கம் பாடங் கேட்டார்க்கு இப்பேய் புதிதன்று.

இங்ஙனம் நினைவையே ஆராயும் வழக்கம் தமிழ்நாட்டிற்கு முதலில் வந்த துறை முத்துக்குளித்துறையாகும். அண்டிரிக் அடிகளார் கொல்லத்தில் 1578-இல் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டதைப் பலர் அறிவர். 1580-இல் கொச்சியில் அவரது ‘கொம்பெசியோனாயரு’ வெளிவந்தமை அத்துணை அறியப்படுவதில்லை. ஒருவன் தன் பாவங்களை எவ்வாறு நினைந்து குருவினிடம் அறிக்கையிடுவது என்பதைக் கூறும் கையேடு அது. இவ்வறிக்கைக்கு அடிப்படையாய கொள்கை வருமாறு: தீய நினைவு எழுதல் ஒரு நிலை, அதில் மனம் இன்புறுதல் ஒரு நிலை, அறிவு அதற்கு இசைதல் ஒரு நிலை. எழுந்த அளவிற் பாவமில்லை. இசைந்த வழியே பாவம் முற்றும். தெருவில் யானை வருதல் நம் குற்றமன்று, வாயிற்கதவைத் திறந்து உள்ளே அழைத்தலே குற்றம் என்று யாம் மாணவர்க்கு விளக்குவதுண்டு.

ஆயின் எழும் இச்சைதானே பாவமன்றோ என்னும் வினா மேனாட்டுக் கிறித்தவரை இரு கூறாக்கியது. இலூத்தரைப் பின்பற்றினோர் 1530-இல் அவுசுபர்க்கு நகரில் அளித்த அறிக்கையில், பிறவியோடு வந்த அவ்விழுக்கமே உண்மையிற் பாவம் என்றனர். கத்தோலிக்கர் 1546-இல் திரெந்து சங்கத்தில், ஞானத்தீக்கை பெற்றவனிடத்தும் இச்சை எஞ்சிநிற்கும், அது பாவத்தினின்று தோன்றிப் பாவத்திற்கு இழுப்பதேயன்றித் தானே பாவமாகாது, உயிர் போராடுதற்பொருட்டு விடப்பட்டது என்று முடிபு செய்தனர். தீப்பற்றுதற்குரிய சுள்ளி என்னும் பொருளதோர் இலத்தீன் சொல்லால் அதனைக் குறித்தனர். எரிந்தாலன்றிச் சுள்ளி தீயாகாது. இது சித்தாந்தம் பயின்றார்க்கு நன்கு விளங்கும். பெருங்காயம் இருந்த பாண்டத்தில் மணம் எஞ்சுமாறு போல ஞானம் பெற்றார்க்கும் மலவாசனை தாக்கும் என்பதும், அது பற்றியே அடியாரிணக்கமும் திருக்கோயில் வழிபாடும் அவர்க்கும் விதிக்கப்பட்டன என்பதும் சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தின் கருத்தன்றோ?

இவ்வாராய்ச்சிக்கு வேர் அகுஸ்தீன் என்னும் ஆசிரியர் (354–430). ஆப்பிரிக்காவின் வடபாலிற் பிறந்த இவர், தம் பதினாறாம் ஆண்டில் நண்பர்களோடு கூடி இரவில் அயலார் பேரிமரத்தை உலுக்கிப் பழங்களைத் திருடியதைத் தம் வரலாற்றுள் எழுதியுள்ளார். வீட்டில் அதினும் நல்ல பழம் இருந்தது. பசியுமில்லை. கொண்டு சென்றவற்றிற் பெரும்பகுதியைப் பன்றிகட்கு எறிந்தனர். பின் எதற்காகத் திருடினேன் என்று முதிர்ந்த அறிஞர் பல பக்கங்களில் தம்மையே குறுக்குக் கேள்வி கேட்கின்றார். திருடக்கூடாது என்பதனாலேயே திருடினேன் என்பது அவர் கண்ட விடைகளுள் ஒன்று. தனியனாயிருப்பின் செய்திரேன் என்பது மற்றொன்று. பெரியகுளத்து மாந்தோப்புக்களிற் காவலிருப்பார் இவ்வுண்மையை இலத்தீன் பயிலாமலே அறிவர். எமக்கு இவ்விடம் கிறித்தவர் நூல்களிலெல்லாம் சாலச் சிறந்ததாகத் தோன்றுகின்றது. பழத்தின்மேற் சென்ற அவா அன்று அது. பழம் வெறும் வாயில். தன்னையே தலைவனாகக் கருதிச் செருக்கும் ஒன்று உள்ளே மறைந்து நின்று இயக்கியது. அதற்குச் சைவர் ஆணவம் என்று பெயரிட்டனர்.

பெயர் வேறாயினும் நோய் ஒன்றென இங்கே முடித்துவிடலாகாது. அகுஸ்தீன் இதன் தொடக்கத்தை ஆதாமின் வீழ்ச்சியில் வைத்தார்; தூயதாகப் படைக்கப்பட்ட உயிரில் ஒரு நாள் வந்து புகுந்தது இது. சைவர்க்கோ செம்பிற் களிம்புபோல மலம் உயிரோடு தொடக்கமின்றியே உள்ளது. வந்த நாள் என ஒன்றில்லை. மதுரைக்கு 1606-இல் வந்த தத்துவபோதகர் மறுபிறப்பை மறுத்துப் ‘புனர்ஜென்ம ஆட்சேபம்’ எழுதியதும் இவ்வேறுபாட்டோடு தொடர்புடையதே. பழவினை இல்லையெனின் குழவியினிடத்துக் காணப்படும் தீநாட்டத்திற்குக் காரணங் கூறுதல் அவர் கடன். அதற்கு ஆதாமின் வழிவந்த சென்மப்பாவம் என்பர். தூய உயிரில் அழுக்கு ஏன் புகுந்தது என்று நாம் வினவலாம். அழுக்கு என்றும் உள்ளதாயின் இறைவன் அதனை ஏன் முன்னரே நீக்கிற்றிலன் என்று அவர் வினவலாம். பக்குவம் நோக்கி என்பது நம் விடை. உயிரின் உரிமை நோக்கி என்பது அவர் விடை. உண்மையான வேற்றுமை இங்கேதான் உளது. வாதம் செய்வாரும் இங்கே செய்க.

மாயை என்னும் சொல்லும் இவ்வாறே இடம் மாறியது. பனியன் என்னும் ஆங்கிலர் 1678-இல் வெளியிட்ட பயணக்கதையைத் தழுவி, வைணவக் குடியிற் பிறந்து 1858-இல் கிறித்தவராகிய எச். ஏ. கிருட்டிணபிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடினார். அது 1894-இல் நூலாக வெளிவந்தது. அக்கதையில் உலகின்பங்களெல்லாம் விலைக்கு வைக்கப்பட்ட வீண்பெருமைச் சந்தை தமிழில் மாயாபுரி எனப் பெயர்பெற்றது. நமக்கு மாயை உயிர்க்கு உடலும் கருவியும் தந்து இருளில் விளக்காய் உதவுவது. அவர்க்கு அது கண்ணைக் கவரும் பொய்க்கடை. ஆயினும் அச்சந்தையின் இயல்பைப் பனியன் நன்கறிந்து எழுதியுள்ளார். வழிப்போக்கர் இருவர் அங்கு ஒன்றும் வாங்காது செவியைப் பொத்திக்கொண்டு நடந்தனர். எம்மூர்ப் பூண்டுச் சந்தையில் விலை கேளாது செல்வாரை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. மாயாபுரிக் கடைக்காரரோ சினந்தெழுந்து அவ்விருவரையும் பற்றிக் கூண்டிலடைத்தனர்; அவருள் ஒருவனைத் தீயிலிட்டுக் கொன்றனர்; மற்றையவன் தப்பித் தன் வழியே சென்றான்.