திரும்பி வருதலும் ஒரு திறனே: விமானப் பயிற்சி வரலாறு பற்றிய ஒரு நோக்கு

பறத்தலின் வரலாறு பெரும்பாலும் பொறிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பறப்பவனின் மனம் எவ்வாறு பயிற்றப்பட்டது என்ற வினாவும் வரலாற்று மாணவன் ஆராயத்தக்கதே.

முதலாம் உலகப் போரின் முற்பகுதியில் விமானமோட்டுதல் இயல்பாக அமையும் ஆற்றல் எனவே பலராலும் எண்ணப்பட்டது. செய்யத்தகாதன எவையெனக் கூறப்பட்டனவேயன்றி, அவற்றின் காரணங்கள் விளக்கப்படவில்லை. விமானம் சுழன்று வீழத் தொடங்கின் மீட்சியில்லை என்ற அச்சமே நிலவியது. 1912இல் வில்பிரட் பார்க் என்பவர் அத்தகைய வீழ்ச்சியினின்றும் மீண்டிருந்தார்; எனினும் அவ்வனுபவம் பயிற்சிக் கூடங்களில் வேரூன்றவில்லை.

இந்நிலையை மாற்றியவருள் தலையாயவர் றொபேட் சிமித்-பரி. 1916இல் பிரான்சியப் போர்முனையில் 60ஆம் படைப்பிரிவை நடத்திய அவர், அரைகுறைப் பயிற்சியுடன் வந்த இளைஞர் மடிவதைக் கண்டு மேலிடத்துக்கு முறையிட்டார். அவ்வாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் கொஸ்போட்டில் பயிற்சிப் பிரிவொன்று அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இரட்டை இயக்கக் கருவிகள் கொண்ட அவ்ரோ விமானத்தில், பேச்சுக்குழாய் வழியே ஆசிரியர் விளக்க, மாணவன் தானே ஓட்டினான். ஆபத்து விலக்கப்படவில்லை, வேண்டுமென்றே உண்டாக்கப்பட்டு, அதனின்றும் மீளும் வழி கற்பிக்கப்பட்டது. 1917இல் பேர்ண்பரோவில் லின்டெமான் என்ற அறிவியலாளர் தாமே விமானத்தைச் சுழலச் செய்து அளவீடுகளைப் பெற்றார். அச்சம் அறிவுக்கு இடமளித்தது.

ஆயின் கைத்திறன் ஒன்றே போதுமா? 1925இல் மொத் விமானம் தோன்றியபின் தனியார் பறத்தல் பரவலாயிற்று. பொழுதுபோக்காகப் பறப்போருக்கு முகிலே பெரும் பகையாயிற்று. 1954இல் இலினோய் பல்கலைக்கழக ஆய்வொன்றில், கருவிகளை மட்டும் நோக்கிப் பறந்து பழகாத 20 பேரின் வெளிப்பார்வை மறைக்கப்பட்டது. அனைவரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கெடுத்த சராசரி நேரம் 178 வினாடிகள். அடிவானம் மறைந்தவிடத்து உட்செவியின் உணர்வு பொய்க்கும்; மெல்லத் திரும்பும் விமானம் நேரே செல்வதாகவே தோன்றும். அவ்வாய்வு கற்பித்த பரிகாரம் எளியது: கருவிகளை நம்பி 180 பாகை திரும்பி, வந்த வழியே மீள்க என்பதே அது.

திரும்பும் முறையைக் கற்பிக்கலாம். திரும்ப வேண்டுமென்ற முடிவைக் கற்பிக்க இயலுமா? 1970களின் பிற்பகுதி முதல் ஐக்கிய அமெரிக்காவில் வளர்ந்த தீர்மானப் பயிற்சி இவ்வினாவை எதிர்கொண்டது. விதிகளை மதியாமை, சிந்தியாது செயலாற்றல், தனக்கு எதுவும் நேராதென்ற எண்ணம், வீரங்காட்டும் விருப்பு, தன்னால் ஆவதொன்றுமில்லை என்ற சோர்வு ஆகிய ஐந்து மனப்பாங்குகள் ஆபத்தானவையென அது வகுத்தது. இவை விமானவோட்டிக்கு மட்டும் உரியனவல்ல என்பது வெளிப்படை.

மனப்பாங்கைப் பாடமாக்க முடியாதென வாதிப்போர் இருக்கலாம். பறக்கும் ஆற்றலையும் முன்னோர் அவ்வாறே கருதினர். கொஸ்போட் அதனைப் பொய்ப்பித்தது. வீழ்ந்தபின் மீளக் கற்பித்தது முதற் படி. வீழுமுன் திரும்பக் கற்பித்தது அடுத்த படி. இலக்கை அடையாது திரும்பியவனைத் தோற்றவனென எண்ணும் சமூகத்தில் இவ்விரண்டாம் பாடமே கடினமானது எனலாம்.