துடுப்பு வலித்தவர்களும் உண்டியல் குலுக்கியவர்களும்

'மீட்பு' என்ற சொல்லைச் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டியிருக்கிறது. மீட்கப்படுவது யார், யார் காசில், யார் உடம்பைப் பணயம் வைத்து? பிரிட்டன், அயர்லாந்துக் கரைகளில் உயிர்காப்புப் படகுகளைப் பெரும்பாலும் நடத்துவது அரசு அல்ல. நன்கொடையில் இயங்கும் ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிட்யூஷன். படகேறுகிறவர்களில் மிகப் பலர் தன்னார்வலர்கள்.

வில்லியம் ஹிலாரியின் 1823ஆம் ஆண்டு அறைகூவலைத் தொடர்ந்து, 1824 மார்ச் 4 அன்று லண்டனில் இது தொடங்கியது. கூட்டத்தின் தலைமை கேன்டர்பரி ஆர்ச்பிஷப், புரவலர் மன்னர். கனவான்களின் சபைதான். ஆனாலும் போரிலும் அமைதியிலும் எல்லா நாட்டவரும் சமமாகக் காக்கப்பட வேண்டுமென்று அது தீர்மானித்தது.

தீர்மானம் போடுவது சுலபம். கடல்ல இறங்குறது யாரு? 1886 டிசம்பர் 9 இரவு லங்காஷயர் கரையருகே 'மெக்சிகோ' என்ற ஜெர்மன் கப்பல் தரைதட்டியது. அதிலிருந்த 12 மாலுமிகளை லிதம் படகு மீட்டது. சவுத்போர்ட், செயின்ட் ஆன்ஸ் படகுகளில் போனவர்களில் 27 பேர் திரும்பவில்லை. எல்லா நாட்டவரும் சமம் என்ற வாசகத்திற்கு விலை கொடுத்தவை இந்தக் கரையோரக் குடும்பங்களே.

அந்த மரணங்களைக் கண்டு நிதி திரட்டியவர் சார்ல்ஸ் மகாரா என்ற பஞ்சாலை முதலாளி. அதுவரை நிறுவனம் சில பணக்காரர்களின் கொடையையே நம்பியிருந்தது. 1891இல் மான்செஸ்டர் தெருக்களில் உண்டியல் குலுங்கியது. உழைப்பாளிகளின் பென்னிகள் விழுந்தன. அடுத்த ஆண்டே கூலிக்குறைப்பை ஒட்டி லங்காஷயர் நூற்பாலைகளில் கதவடைப்பு. முதலாளிகள் தரப்பில் மகாராவும் இருந்தார். தொண்டு வர்க்கத்தை அழித்துவிடுவதில்லை. கொஞ்ச நேரம் மறைத்து வைக்கிறது, அவ்வளவுதான்.

அதற்காக இதை வெறும் முதலாளித்துவக் கருணை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1854 முதல் வாங்கிய அரசு மானியத்தை 1869இல் நிறுவனம் விட்டுவிட்டது. 1922இல் அயர்லாந்து பிரிந்த பின்னும் எல்லை பார்க்காமல் இரு பக்கமும் படகு விட்டது. 2021 ஜூலையில், ஆங்கிலக் கால்வாயில் தத்தளித்த அகதிகளை ஏற்றுவது டாக்ஸி சேவை என்று நைஜல் ஃபராஜ் ஏசினார். ஒரே நாளில் இரண்டு லட்சம் பவுண்டுக்கு மேல் நன்கொடை குவிந்தது.

ஆனால் படகு வழக்கமாகப் புறப்படுவது அரசின் கடலோரக் காவல் அமைப்பு கோரும்போதுதான். அதே ஆண்டு நவம்பர் 24 அன்று அதே கால்வாயில் ஒரு ரப்பர் படகு மூழ்கியது. உதவி கேட்டு இரு கரைகளுக்கும் அழைப்புகள் போயின. பிரிட்டன் அனுப்பியது எல்லைக்காவல் கப்பலை. அது அவர்களைக் கண்டுபிடிக்கவில்லை. குறைந்தது 27 பேர் செத்தார்கள். துடுப்பு தன்னார்வலர் கையில் இருக்கிறது. எப்போது, யாருக்காகக் கூப்பிடுவது என்பது இன்னும் அரசின் கையில்.