விற்காத சரக்கு

எங்கள் ஊர்ச் சந்தையில் அந்திப் பொழுதில் ஒரு காட்சி பார்த்திருக்கிறேன். விற்காத கத்தரிக்காயைக் கூடையோடு தூக்கிக்கொண்டு கிளம்பும் கிழவி, காலையில் கொடுத்த சுங்கக் காசைக் குத்தகைக்காரனிடம் திருப்பிக் கேட்பாள். "உட்கார்ந்த இடத்துக்குக் காசு, ஆத்தா, வித்ததுக்கா வாங்கினேன்?" என்பான் அவன். நியாயம் யார் பக்கம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பெரிய ராஜ்யங்களே இந்த வழக்கில் திணறியிருக்கின்றன என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஹீராத்தில் ஆண்ட ஷாருக்கின் தூதராக 1442இல் கோழிக்கோட்டில் வந்து இறங்கியவர் அப்துர் ரஸாக். ஊர் அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தத் துறைமுகத்தின் நேர்மையை மட்டும் மனம்விட்டுப் புகழ்ந்து எழுதி வைத்திருக்கிறார். கப்பலிலிருந்து சரக்கை இறக்கிக் கடைவீதியில் போட்டுவிட்டு வணிகன் கவலையில்லாமல் போகலாம். சுங்க அதிகாரிகளே இரவும் பகலும் காவல் இருப்பார்கள். விற்றால் நாற்பதில் ஒரு பங்கு வரி. விற்காவிட்டால் ஒன்றும் கிடையாது. வரியைத் திருப்பித் தரும் பேச்சே அங்கே எழவில்லை, வாங்கினால்தானே தருவதற்கு!

இங்கிலாந்தின் வழி வேறு. சரக்கு கரையேறும்போதே வரி; அதுவே மறுபடி வெளிநாட்டுக்குக் கப்பலேறினால் வரி வாபஸ். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 18ஆம் நூற்றாண்டின் புகையிலை வியாபாரிகள் சிலர் இதில் புகுந்து விளையாடிவிட்டார்கள். வர்ஜீனியாப் புகையிலை வந்து இறங்கும்போது எடையைக் குறைத்துக் காட்டுவது, திரும்ப ஏற்றும்போது கூட்டிக் காட்டுவது. வாபஸ் பணத்தையும் வாங்கிக்கொண்டு, அதே புகையிலையை ராத்திரியோடு ராத்திரியாக வேறொரு கரையில் இறக்கிவிடுவதும் உண்டு.

பிரதமர் வால்போல் 1733இல் ஒரு யோசனை சொன்னார். சரக்கு கிடங்கில் கிடக்கட்டும். உள்நாட்டில் விற்க எடுக்கும்போது வரி கட்டினால் போதும். வெளிநாடு போனால் வரியே வேண்டாம். கிட்டத்தட்டக் கோழிக்கோட்டு நியாயம்தான். ஆனால் கிடங்கையும் கடையையும் சோதனை போட அதிகாரிகள் நுழைவார்கள் என்றதும் லண்டன் கொந்தளித்தது. பார்லிமெண்டை விட்டு வெளியே வந்தவரைக் கூட்டம் சூழ்ந்து நெருக்கியது, கொடும்பாவி எரிந்தது. ஏப்ரலில் மசோதாவைக் கைவிட்டார். எனக்கு அந்த மனிதரிடம் கொஞ்சம் அனுதாபம் உண்டு. லண்டன் துறைமுகத்தில் அத்தகைய கிடங்குகளுக்குப் பொதுவான சட்டம் 1803இல்தான் வந்தது.

நம் நாட்டுக்கு பிரிட்டிஷார் 1878இல் கடல் சுங்கச் சட்டம் செய்தார்கள். இறக்குமதியான சரக்கை இரண்டு வருஷத்துக்குள் திருப்பி அனுப்பினால், கட்டிய வரியில் எட்டில் ஏழு பங்கு வாபஸ், மிச்சம் சர்க்காருக்கு. 1962ஆம் வருஷச் சட்டம் கொஞ்சம் தாராளம்: நூற்றுக்கு 98. ஆனால் வந்த பொருள்தான் போகிறது என்று அதிகாரிக்கு அடையாளம் காட்டியாக வேண்டும். தருவித்த கடிகாரம் விலைபோகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காவது எண் இருக்கும். பட்டுத்துணிக்கு? பெட்டியின் குறி, விலைப்பட்டியல், வரி கட்டிய ரசீது எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். ஒரு காகிதம் தவறினாலும், விற்காத சரக்கின் நஷ்டத்தோடு அதற்குக் கட்டிய வரியும் வியாபாரியின் தலையில்தான்.