பின்சக்கரத்தின் பாரம்

மணலி புதுநகரிலிருந்து ஒரு மணி நேரப் பிரயாணத்துக்குள், மோட்டார் வாகனத்துக்கு வேண்டிய முக்கிய அங்கங்கள் பலவும் பிறந்த இடங்களைப் பார்த்துவிடலாம். 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கிப் பின்னர் டயர் உற்பத்தியில் கீர்த்தி பெற்ற எம்.ஆர்.எப்.; 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தோன்றி, 1955இல் அசோக் லேலண்ட் ஆகி, எண்ணூரிலிருந்து தேசமெங்கும் லாரிகளை அனுப்பிய ஆலை; 1969இல் மணலியில் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கத் தொடங்கிய மதராஸ் ரிபைனரீஸ்; 1962இல் பாடியில் ஏற்பட்ட பிரேக்ஸ் இந்தியா ஆகிய ஸ்தாபனங்களால் வடசென்னை வாகனத் தொழிலின் க்ஷேத்திரமாயிற்று. இவற்றில் ஓட்டுகிற சாதனங்களின் சரித்திரத்தைப் பலரும் அறிவர். நிறுத்துகிற சாதனத்தின் சரித்திரத்தைக் கேட்பார் இல்லை.

மோட்டார் வருவதற்கு முன்பு ராயபுரத்திலும் துறைமுகத்திலும் பாரம் சுமந்தவை மாட்டுவண்டிகளும் கைவண்டிகளுமே. அவற்றை நிறுத்தியது மாட்டின் கழுத்தும் மனிதனின் காலும். இங்கிலாந்தில் மலைச்சரிவில் இறங்கும் வண்டிகளில், சக்கரத்தை உரசும் மரக்கட்டையின்மேல் பழைய செருப்புத் தோலை வைத்துக் குடியானவர்கள் ஓட்டியதைக் கண்டே ஹெர்பர்ட் புரூட் என்பவர் 1897இல் பிரேக் லைனிங் தொழிலை ஆரம்பித்தார் என்பார்கள். 1902இல் லூயி ரெனோ டிரம் பிரேக்கை உருவாக்கினார். அக்காலத்து வாகனங்களில் பெரும்பாலும் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் இருந்தது. வேகத்தைத் தணிக்கும்போது வாகனத்தின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால் பின்சக்கரத்தின் பிடி தளர்ந்து வண்டி வழுக்குகிறது என்ற உண்மை அநுபவத்தில் விளங்கிய பிறகே, 1920களில், நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் வைக்கும் வழக்கம் பரவிற்று.

கார் விஷயத்தில் பிரச்சினை அத்தோடு பெருமளவு தீர்ந்தது. சரக்கு வண்டியில் தீரவில்லை. குட்டியானை என்று நம் ஜனங்கள் செல்லமாக அழைக்கும் டாடா ஏஸ் 2005இல் வந்ததிலிருந்து மீன்பாடி வண்டிக்கும் லாரிக்கும் இடைப்பட்ட இடத்தைப் பிடித்துக்கொண்ட இந்தச் சிறு வாகனங்களும், அவற்றினும் பெரிய பிக்கப்புகளும், காலியாக இருக்கும்போது ஒரு வண்டி, லோடு ஏறியதும் வேறொரு வண்டி. இந்த இரண்டு நிலைக்கும் ஈடுகொடுக்கவே பின் அச்சையும் சட்டத்தையும் ஒரு நெம்புகோலால் இணைத்து, ஸ்பிரிங் பட்டைகள் பாரத்தில் தாழத் தாழப் பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் அனுப்பும் வால்வைப் பல பிக்கப்புகளில் அமைத்தார்கள். பட்டை பழசாகித் தளர்ந்துவிட்டால், வண்டி காலியாக இருக்கும்போதும் லோடு இருப்பதாகவே அந்த வால்வு கருதுகிறது. பின் லைனிங் தன் ஆயுளுக்கு முன்பே தேய்கிறது. மழையில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பியும் விடுகிறது. அதற்கு நேர்மாறாக, ஓவர்லோடு ஏற்றும் ஆசையில் கூடுதல் பட்டை போடுகிறவர்கள் வண்டியின் பின்புறத்தை உயர்த்தி, பாரம் ஏறிய வேளையிலும் பின் பிரேக்கின் பலத்தைக் குறைத்துவிடுகிறார்கள். லைனிங் மிஞ்சலாம், வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் நீண்டுவிடும். பட்டையில் கை வைத்தால் வால்வையும் சரிபார்த்தே ஆகவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை.

பின் பிரேக் கெடுவதற்கு இந்தப் பிரதேசத்துக்கென்று விசேஷமான காரணங்களும் உண்டு. பின் டிரம்முக்குள் இருக்கும், லைனிங் பதித்த ஷூக்களையே ஹேண்ட் பிரேக்கின் கேபிளும் இழுக்கிறது. கன்டெய்னர் லாரிகளின் பின்னால் பொன்னேரி நெடுஞ்சாலையில் ஊர்ந்து ஊர்ந்து நிற்கும் டிரைவர் ஹேண்ட் பிரேக்கை நாளெல்லாம் போட்டு எடுக்கிறார். கடல்காற்றின் உப்பில் கேபிள் துருப்பிடித்துவிட்டால், ஹேண்ட் பிரேக்கை விடுவித்த பிறகும் ஷூ முழுவதாகப் பின்வாங்காமல் உரசிக்கொண்டே வருகிறது. அந்த உரசலில் உஷ்ணம் ஏறுகிறது. உஷ்ணத்தில் டிரம் விரிகிறது. பெடலை இன்னும் ஆழமாக மிதிக்க வேண்டியதாகிறது. கொசஸ்தலையாறு பெருகும் காலத்திலோ, 2015லும் 2023 டிசம்பரிலும் கண்டதுபோல, தெருவில் நின்ற வண்டிகளின் டிரம்முக்குள் சேறு புகுந்து உட்கார்ந்துவிடுகிறது. 2023 வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்ப் படலமும் சேர்ந்தது. எண்ணெய் ஊறிய லைனிங்கை மாற்றுவதைத் தவிர வேறு உபாயம் கிடையாது.

மெக்கானிக் பின்சக்கரத்தைக் கழற்றி, துருவேறிய டிரம்மைச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டி உருவும்போது கறுத்த தூள் கொட்டுகிறது. லைனிங் தேய்ந்து ரிவெட்டின் தலை வெளிப்பட்டிருந்தால் டிரம்மின் உள்முகத்தில் வட்டமான கீறல்கள் ஆழமாக விழுந்திருக்கும். லைனிங்கின் செலவோடு டிரம் கடைசலுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அந்தத் தூளைக் காற்றடித்து ஊதுவது சுவாசத்துக்குக் கேடு, ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே தகும்.

பிக்கப் வைத்துப் பிழைக்கும் மணலி புதுநகர் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: வெள்ளம் வடிந்ததும் எஞ்சினைத் துடைப்பதோடு நிற்காமல், அடுத்த லோடு ஏற்றுவதற்கு முன்பே பின் டிரம் இரண்டையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள், ஹேண்ட் பிரேக் கேபிளுக்கு வருஷம் ஒருமுறையேனும் கிரீஸ் போடச் சொல்லுங்கள்.